புயலுக்கு முன் ஒரு ஜெனரேட்டர்: சந்தேகங்களும் விளக்கங்களும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து இரவு பகலாக உழைத்தும், டெல்டாவின் பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. தண்ணீர்த் தொட்டியை நிரப்பவும் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் வாடகை ஜெனரேட்டர் தேடி அலைந்த நாட்களைக் கடலோர மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2011 டிசம்பரில் தானே புயலின்போது கடலூரும், 2016 டிசம்பரில் வர்தாவின்போது சென்னையும் பட்டது இதுதான். அதனால் ஐப்பசி பிறந்தாலே, 'வீட்டுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கிப் போட்டுவிடலாமா?' என்ற பேச்சு எழுகிறது.

வாங்கலாம். ஆனால் எல்லா வீட்டுக்கும் அது தேவையில்லை. சில வீடுகளில் அது உயிருக்கே ஆபத்து. கடைக்காரரிடம் எத்தனை கே.வி.ஏ. என்று கேட்பதற்கு முன், அதை எங்கே நிறுத்தி ஓட்டப் போகிறோம் என்று வீட்டைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். இடம் கிடைக்கவில்லை என்றால் மற்ற கேள்விகளுக்கே அவசியமில்லை.

எங்கள் பகுதியில் அடிக்கடி ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கரண்ட் போகிறது. ஜெனரேட்டர் வாங்கலாமா?

அதற்கு இன்வெர்ட்டரே போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கும். நடைமுறையில் 1,000 முதல் 1,200 வரை எடுக்கலாம். இரண்டு மின்விசிறி, நாலைந்து எல்.இ.டி. விளக்கு என 200 வாட் லோடுக்கு ஐந்து மணி நேரம் தாங்கும். புகையும் சத்தமும் இல்லை. கரண்ட் போனதே தெரியாமல் ஓடும்.

ஜெனரேட்டர் கொடுக்கும் கரண்ட் விலை அதிகம். நல்ல லோடில் ஓடினாலும் ஒரு லிட்டர் பெட்ரோலில் இரண்டு யூனிட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் ஒரு யூனிட் ஐம்பது ரூபாயைத் தாண்டும். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாகப் பெறும் வீட்டில், தினசரி மின்தடைக்கு இதை ஓட்டுவது கட்டுப்படியாகாத காரியம். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் தவித்தபோதுகூட, பெரும்பாலான வீடுகள் இன்வெர்ட்டரை வைத்துத்தான் சமாளித்தன.

பேட்டரி தீர்ந்து, மறுபடி ஏற்றவும் கரண்ட் வராத நிலையில்தான் ஜெனரேட்டருக்கு வேலை வருகிறது. அதாவது ஒரு நாளைத் தாண்டும் மின்தடை. புயல் பாதைக்காரர்கள், வரிசையில் கடைசியாக லைன் சரிசெய்யப்படும் உள்கிராமத்தார், வீட்டில் மின் கருவியை நம்பி நோயாளி உள்ளவர்கள், தண்ணீருக்குப் போர்வெல் மோட்டாரை மட்டும் நம்பியிருப்பவர்கள் ஆகியோருக்கு அது உண்மையான தேவை.

அதை எங்கே வைப்பது? போர்ட்டிகோவில் வைக்கலாமா? மழை பெய்தால்?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பெட்ரோல் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் வாசனையும் கிடையாது. நம் மூக்குக்குத் தெரிவதெல்லாம் எரிந்த பெட்ரோலின் நெடிதான்; நெடி குறைந்துவிட்டது என்பதால் வாயு இல்லை என்று அர்த்தமாகாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் வாயு அது. மூச்சு விடுவது போலவே இருக்கும். ஆனால் உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். விழித்திருப்பவர் எழுந்து வெளியே வரக்கூடும். தூங்குகிறவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. மின்தடை இரவில் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, ஜன்னலோரத்திலோ ஓடவிட்டுத் தூங்கிய குடும்பங்கள் காலையில் எழவில்லை என்ற செய்தியை நாம் திரும்பத் திரும்பப் படிப்பதன் காரணம் இதுதான்.

எனவே வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி வைக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும். அடுத்த வீட்டு ஜன்னலும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

போர்ட்டிகோ மூன்று பக்கம் அடைத்திருந்தால் அது அறைதான், கூடாது. கார் ஷெட், ஷட்டரைப் பாதி திறந்து வைத்த கடை, பின்கட்டு, கொல்லைப்புறக் குளியலறை எதுவுமே கூடாது. மொட்டை மாடி பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். மாடிப்படியின் மேல்கூரைக்கு அடியில், மழைக்கு ஒதுக்குப்புறம் என்று வைத்தால் புகை படிக்கட்டு வழியே கீழே இறங்கி வீடு முழுக்கப் பரவும். ஜன்னலைத் திறந்து வைப்பதாலோ, ஃபேன் போடுவதாலோ, முகக்கவசம் கட்டுவதாலோ இந்த வாயுவிடமிருந்து தப்பிக்க முடியாது. கிணறு இறைக்கவோ தொட்டி கழுவவோ பெட்ரோல், டீசல் இன்ஜினை உள்ளே இறக்கவே கூடாது.

சிக்கல் மழையில்தான் இருக்கிறது. ஜெனரேட்டர் தேவைப்படுவதே புயல் மழையில். நனைந்தால் ஷாக் அடிக்கும் என்பதால்தான் மக்கள் அதை வீட்டுக்குள் இழுத்து வருகிறார்கள். அதற்கான தீர்வை இப்போதே, வெயில் அடிக்கும்போதே, செய்து வைக்க வேண்டும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் சிமென்ட் மேடை, அதற்குமேல் நாலு கம்பத்தில் தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு. இவ்வளவுதான். காற்று சுழன்று அடிக்கும் நேரத்தில் இதுவும் உதவாது. அப்போது ஓட்டவே வேண்டாம். புயல் கடந்து மழை தணிந்த பிறகு ஓட்டினால் போதும். அந்த ஓர் இரவை டார்ச் லைட்டிலும் இன்வெர்ட்டரிலும் கழிக்க முடியும்.

ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டில் யாருக்காவது தலைவலி, வாந்தி என்றால் மாத்திரை தேட வேண்டாம். எல்லோரையும் வெளியே திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, மிஷினை நிறுத்தி, 108-ஐ அழையுங்கள். ஜெனரேட்டர் புகை என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். பால்கனியில் சின்னது ஒன்று?

வேண்டவே வேண்டாம். எவ்வளவு சின்னதானாலும் புகை ஒன்றுதான். உங்களுக்கு லித்தியம் பேட்டரி இன்வெர்ட்டரோ, கையில் தூக்கிப் போகும் பேட்டரிப் பெட்டியோதான் பொருத்தம். லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் குடியிருப்புச் சங்கம் பொது ஜெனரேட்டர் வைக்கட்டும்.

எத்தனை கே.வி.ஏ. வாங்குவது? கடைக்காரர் ஐந்து என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு போதும் என்கிறார்.

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மின்விசிறி 300 வாட் (பி.எல்.டி.சி. விசிறி என்றால் அதில் பாதிக்கும் குறைவு), எட்டு விளக்கு 80, டி.வி. 80, வைஃபையும் செல்போன்களும் 50, ஃபிரிட்ஜ் 150. மொத்தம் 660 வாட். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். பழைய ஃபிரிட்ஜ் என்றால் அந்த ஒரு நொடிக்கு 700, 800 வாட் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். ஆக 1,360 முதல் 1,460 வாட். மிக்சி 600, 700 வாட் எடுக்கும். அதை ஓட்டும்போது டி.வி.யையும் இரண்டு விசிறியையும் நிறுத்திவிட்டால் தனிக் கணக்கு தேவையில்லை.

இப்போது ஜெனரேட்டரின் லேபிளுக்கு வாருங்கள். அதில் இரண்டு எண் இருக்கும். மேக்ஸிமம் என்பது சில நிமிடம் மட்டுமே தரக்கூடியது. ரேட்டட் என்பதுதான் தொடர்ந்து தருவது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதலாவது. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது. அதிலும் கே.வி.ஏ. வேறு, கிலோவாட் வேறு. பவர் ஃபேக்டர் 0.8 என்று குறித்திருந்தால் 2 கே.வி.ஏ. என்பது 1.6 கிலோவாட். அதிலும் எண்பது சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து ஏற்றாமல் இருந்தால் மிஷின் நீண்ட நாள் உழைக்கும்.

மேலே எழுதிய வீட்டுக்கு, தண்ணீர் மோட்டாரும் ஏ.சி.யும் இல்லை என்றால், 2 கே.வி.ஏ. தாராளம். ஐந்து கே.வி.ஏ. வாங்கி 500 வாட் ஓட்டினால் பெட்ரோல்தான் வீணாகும். லோடு இல்லாமலே ஓடும் இன்ஜினில் கரியும் சேரும். ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி நாலையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றும் ஆயிரம் முதல் இரண்டாயிரம் வாட் கேட்பவை. புயல் முடிந்த மூன்று நாளைக்கு அவை இல்லாமல் இருக்க முடியும்.

முழு வீட்டையும் முழு நாளும் ஓட்ட வேண்டும் என்ற ஆசைதான் பலரைத் தேவைக்கு மீறிய மிஷினை வாங்க வைக்கிறது. மணிக்கு அரை லிட்டர்தான் குடிக்கிறது என்றாலும் 24 மணி நேரத்துக்கு 12 லிட்டர், மூன்று நாளைக்கு 36 லிட்டர். ஊரே இருண்டு கிடக்கும்போது அவ்வளவு பெட்ரோலுக்கு எங்கே போவது? காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். தொட்டி நிரம்பும், ஃபிரிட்ஜ் குளிர்ந்துகொள்ளும், இன்வெர்ட்டர் பேட்டரியும் செல்போன்களும் சார்ஜ் ஏறும், மாவும் அரைத்துவிடலாம். மூன்று நாளைக்குப் பத்து லிட்டருக்குள் முடியும். திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். ஃபிரீசரில் தண்ணீர் பாட்டில்களை முன்கூட்டியே உறைய வைத்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

போர் மோட்டார் ஓடுமா?

ஜெனரேட்டர் வாங்கிய பலர் ஏமாறுவது இதில்தான். ஒரு எச்.பி. என்பது 746 வாட் என்று பள்ளியில் படித்திருப்போம். அது மோட்டார் வெளியே தரும் சக்தி. அதைத் தர உள்ளே ஆயிரம் வாட்டுக்கு மேல் வாங்கிக்கொள்ளும். கிளம்பும் நேரத்தில் அதன் கரண்ட் நாலைந்து மடங்காக எகிறும். 2 கே.வி.ஏ. மிஷினில் ஒரு எச்.பி. சப்மெர்சிபிளைப் போட்டால் இன்ஜின் உறுமும், வோல்டேஜ் விழும், மோட்டார் சுற்றாமல் சூடாகும். சில நேரம் காயில் எரிந்துபோகும். அரை எச்.பி. மோனோபிளாக் என்றால் 2 கே.வி.ஏ. இழுத்துவிடலாம், ஒரு எச்.பி.க்கு 3 கே.வி.ஏ.க்குக் குறையக் கூடாது, ஆழமான போர் என்றால் 4, 5 தேவைப்படும். மோட்டாரை முதலில் போட்டு, அது ஓட்டத்துக்கு வந்த பிறகு மற்றவற்றைப் போடுங்கள். மிஷினை வாங்குவதற்கு முன் உங்கள் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைப் புகைப்படம் எடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். முடிந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

மூன்று ஃபேஸ் மோட்டார் சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டரில் ஓடாது. அந்த வீட்டுக்காரர்கள் மோட்டாரை மறந்துவிட்டு, புயல் எச்சரிக்கை வந்ததும் மேல்தொட்டியையும் சின்டெக்ஸையும் அண்டா குண்டாவையும் நிரப்பி வைப்பதே மேல்.

'இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்' என்று ஒன்று விற்கிறார்களே, விலையும் அதிகம். அது என்ன?

சாதாரண ஜெனரேட்டரில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் வர இன்ஜின் எப்போதும் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓட வேண்டும். ஒரு விளக்கு எரிந்தாலும் அதே வேகம், அதே இரைச்சல். லோடு கூடிக் குறையும்போது வோல்டேஜும் ஃப்ரீக்வன்சியும் ஆடும். ஏ.வி.ஆர். என்ற பாகம் வோல்டேஜை ஓரளவு பிடித்து வைக்கும். இன்வெர்ட்டர் வகையில் கரண்ட் முதலில் டி.சி.யாக மாறி, எலக்ட்ரானிக் பலகை வழியாகச் சீரான ஏ.சி.யாக வெளிவருகிறது. அதனால் லோடு குறைந்தால் இன்ஜினும் மெதுவாக ஓடலாம். பெட்ரோலும் சத்தமும் குறையும், டி.வி., கம்ப்யூட்டர், மருத்துவக் கருவிகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம்.

லேப்டாப், ஃபிரிட்ஜ், விசிறி, மருத்துவக் கருவிதான் உங்கள் தேவை, நெருக்கமான தெரு என்றால் கூடுதல் விலை கொடுத்து இதை வாங்குங்கள். மோட்டார் இழுப்பதுதான் முக்கியம், தோப்பு வீடு, சத்தம் யாருக்கும் தொந்தரவில்லை என்றால் ஏ.வி.ஆர். உள்ள சாதாரண வகையே நல்லது. அது முரடானது, ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். இன்வெர்ட்டர் வகையில் பலகை பழுதானால் கம்பெனி சர்வீசுக்குத்தான் போயாக வேண்டும்.

ஒரு கே.வி.ஏ.க்கும் குறைவான டூ ஸ்ட்ரோக் மிஷின்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்ற வேண்டும். நாலு விளக்குக்கும் செல்போன் சார்ஜுக்கும் சரி. ஃபிரிட்ஜை அதில் மாட்டாதீர்கள்.

பெட்ரோல் எவ்வளவு வாங்கி வைக்கலாம்? பங்கில் கேனில் தர மறுக்கிறார்களே.

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் பாத்திரம் பற்றிக் கண்டிப்பு உண்டு. கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடி என்றால் ஒரு லிட்டருக்குள், உலோகம் என்றால் 25 லிட்டருக்குள், இறுக மூடியதாக இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்கும் பிளாஸ்டிக் கேனுக்கும் அந்த வரிசையில் இடமில்லை. பங்குக்காரர் மறுப்பது நியாயமே.

நடைமுறையில் வீட்டு பைக், ஸ்கூட்டர், கார் டேங்கை எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிவிடுங்கள். நல்ல உலோக கேன் ஒன்று வைத்திருந்தால் பத்து லிட்டர் போதும். அதைச் சமையலறை, பூஜை அறை, வாட்டர் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் விளக்கைத் தொடும். ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றுவது தற்கொலைக்குச் சமம். நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஊற்றுங்கள்.

இப்போது பங்குகளில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கேனிலோ டேங்கிலோ கிடந்தால் கெட்டு, கார்புரேட்டரை அடைத்துவிடும். சேமித்ததைப் பைக்கில் ஊற்றித் தீர்த்துவிட்டு, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக் பாயின்ட்டில் சொருகினால் வீடு முழுக்கக் கரண்ட் வந்துவிடும் என்கிறாரே எலக்ட்ரீஷியன்?

வரும். அதோடு தெருவுக்கும் போகும். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய அந்த ஒயரைச் செய்து தருகிற ஆள் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

வீட்டு மெயினை அணைக்க ஒருவர் மறந்தால் போதும். உங்கள் ஜெனரேட்டரின் 230 வோல்ட் சர்வீஸ் ஒயர் வழியாக வெளியே போகும். டிரான்ஸ்ஃபார்மர் இரு பக்கமும் வேலை செய்யும் கருவி. அந்தப் பக்கத்திலிருந்து 11,000 வோல்ட்டை இறக்கித் தருவது, இந்தப் பக்கத்திலிருந்து கரண்ட் போனால் ஏற்றியும் தரும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். ரிட்டர்ன் சப்ளை என்று அவர்கள் அஞ்சுவது இதைத்தான். மழையில் அறுந்து விழுந்த கம்பியை விலக்கப் போகிற பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே ஆபத்து. வெளியே உருவிய பிளக்கின் பித்தளைக் கால்களில் கரண்ட் இருப்பதால் உங்கள் வீட்டுக் குழந்தைக்கும்தான். மெயின் கரண்ட் திடீரென்று வந்தால் ஜெனரேட்டர் வெடித்து எரியவும் கூடும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை அழைத்து, மீட்டருக்குப் பிறகு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் மின்வாரியம், மறுபக்கம் திருப்பினால் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. ஃபேஸை மட்டும் அல்லாமல் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகையாக இருக்கட்டும். மூன்று ஃபேஸ் வீடு என்றால் நாலு போல் சுவிட்ச். ஜெனரேட்டரின் பாடிக்கு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள்; வீட்டில் ஷாக் அடித்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் ஜெனரேட்டரில் ஓடும்போதும் அது டிரிப் ஆகிறதா என்று அவரையே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பல சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் தனித்து நிற்கும். அப்போது ஷாக் அடித்தாலும் ஆர்.சி.சி.பி. விழாது.

சுவிட்ச் போட வசதியில்லையா? மிஷினின் சாக்கெட்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத மூன்று கம்பி செம்பு ஒயரில் எக்ஸ்டென்ஷன் எடுத்து ஃபிரிட்ஜ், விசிறிகளை நேரடியாக அதில் மாட்டுங்கள். வீட்டு ஒயரிங்கைத் தொடாதவரை லைன்மேனுக்கு ஆபத்தில்லை. இருபது அடி தள்ளி வைப்பதால் நீளம் கூடும். மெல்லிய ஒயர் சூடாகும்.

ஜெனரேட்டர் ஓடினாலும் வீட்டு இன்வெர்ட்டர் சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது. ஏன்?

இன்வெர்ட்டரின் பின்னால் யு.பி.எஸ்., நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சிலவற்றில் ஈகோ என்று எழுதியிருக்கும். யு.பி.எஸ். நிலையில் கொஞ்சம் வோல்டேஜ் ஆடினாலும் 'இது நல்ல கரண்ட் இல்லை' என்று ஒதுக்கிவிடும். நார்மலுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டு இன்வெர்ட்டர்கள் மணிக்கு 10 முதல் 15 ஆம்பியர்-மணிதான் ஏற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாலு மணி நேரத்தில் 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பும். இரவில் சில மணி நேரம் இரண்டு விசிறி ஓட அது போதும்.

மாடியில் சோலார் போட்டிருக்கிறோமே, கரண்ட் போனால் அது ஓடாதா?

மானியத் திட்டங்களில் பெரும்பாலும் போடப்படுவது மின்வாரிய லைனோடு இணைந்த வகை. லைன் செத்ததும் அதுவும் தானே நின்றுவிடும். லைன்மேனின் பாதுகாப்புக்காகவே அப்படி. பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் வகை மட்டுமே ஓடும். ஜெனரேட்டரில் வீட்டை ஓட்டும்போது சோலார் இன்வெர்ட்டர் அதனோடு சேராதபடி பிரித்துவிட வேண்டும். சேர்ந்தால் சோலார் கரண்ட் ஜெனரேட்டருக்குள் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் அப்பா இருக்கிறார். ஜெனரேட்டரை நம்பலாமா?

நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் கருவி 300, 350 வாட் எடுக்கும். பத்து லிட்டர் கருவி அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரே வாங்குங்கள். ஆனால் ஜெனரேட்டர் கிளம்பாமல் போகலாம், பெட்ரோல் தீரலாம், ஊற்றுவதற்கு நிறுத்தவும் வேண்டும். எனவே நடுவில் நல்ல பேட்டரியோடு இன்வெர்ட்டரும், கடைசித் துணையாக நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டரும் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை சிவப்பாக இருந்தால், முன்னதாகவே மருத்துவமனை உள்ள ஊருக்கு அவரை அழைத்துப் போவதுதான் சரி.

இன்சுலினுக்காக மட்டும் ஜெனரேட்டர் வாங்க நினைப்பவர்களுக்கு: உபயோகத்தில் உள்ள பாட்டிலும் பேனாவும் அதிக வெயில் படாத அறையில் பொதுவாக நாலு வாரம் தாங்கும். திறக்காதவற்றைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஈரமான மண்பானைக்குள் வைத்தால் சில நாள் சமாளிக்கலாம். உங்கள் மருந்தின் தாளில் உள்ளதையும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் மட்டும் கும்பகோணத்தில் இருக்கிறார்கள். நான் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பலாமா?

மனம் புரிகிறது. ஆனால் கயிறு இழுத்துக் கிளப்பும் நாற்பது கிலோ மிஷினை எழுபது வயதுக்காரர் மழையில் தள்ளிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குப் பெரிய பேட்டரியோடு இன்வெர்ட்டர் வாங்கிக் கொடுங்கள். ஜெனரேட்டர்தான் வேண்டும் என்றால் செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதாக, மேடையில் நிலையாக வைத்ததாக, பக்கத்தில் ஓட்டத் தெரிந்த ஒருவர் இருப்பதாக இருக்க வேண்டும். கூட்டுக் குடும்ப வளாகத்தில், அண்ணன் தம்பி வீடுகள் நாலு சேர்ந்து ஒன்று வாங்கிக்கொண்டால் இந்தச் சிரமம் பாதியாகும்.

இரவில் ஓட்டினால் அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க முடியுமா?

முடியும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல், பகலில் 55 என்பது ஒலி மாசு விதி. சாதாரண ஜெனரேட்டர் எதுவும் இதற்குள் அடங்காது. இரவு பத்துக்குள் நிறுத்திவிட்டு இன்வெர்ட்டரில் தூங்குங்கள். தூங்கும்போது ஓடாத ஜெனரேட்டர் யாரையும் கொல்லாது.

ஊட்டி, கொடைக்கானலில் சரியாக ஓடுமா?

காற்று மெல்லியதாக இருப்பதால் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் சக்தி குறையும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல்; அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழித்துக்கொண்டு, ஒரு படி பெரியதாக வாங்குங்கள். கார்புரேட்டரில் உயரத்துக்கேற்ற ஜெட் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

கடையில் எதைப் பார்ப்பது? செகண்ட்ஸ் வாங்கலாமா?

உங்கள் மாவட்டத் தலைநகரில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் இருக்கிறதா, கார்புரேட்டரும் ஏ.வி.ஆரும் கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. பெயர் தெரியாத பிராண்டில் கொஞ்சம் மலிவு என்று வாங்கி, ஒரு சின்ன பாகத்துக்காக மூலையில் கிடக்கும் மிஷின்கள் நிறைய. கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெறுமனே ஓட்டினால் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். ஆயிரம் வாட் வாட்டர் ஹீட்டர் ராடை வாளித் தண்ணீரில் போட்டு மாட்டி, மல்டிமீட்டரில் வோல்டேஜ் பாருங்கள். 220-க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் வேண்டாம். ஆயில் குறைந்தால் தானே நிற்கும் வசதி கட்டாயம் வேண்டும். கார்பன் மோனாக்சைடு கூடினால் தானே அணையும் மாடல் கிடைத்தால் அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். அது இருக்கிறது என்று வீட்டுக்குள் கொண்டுவந்துவிடக் கூடாது.

செகண்ட்ஸ் என்றால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் கிளம்புவதில்லை என்றே சந்தேகப்படலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கல்யாண வாடகையில் ஓய்ந்த மிஷினை வீட்டுக்கு வாங்காதீர்கள். புயல் அறிவித்த பிறகு கடைக்குப் போனால் இதையெல்லாம் பார்க்க நேரமும் இருக்காது, விலையும் நம் கையில் இருக்காது.

வாங்கியாயிற்று. அடுத்த புயல் வரை சும்மா வைத்திருக்கலாமா?

சும்மா வைத்தால் தேவைப்படும் அன்று கிளம்பாது. மாதம் ஒருமுறை பதினைந்து நிமிடம், ஃபிரிட்ஜையோ விசிறிகளையோ மாட்டி லோடோடு ஓட்டுங்கள். நிறுத்தும்போது பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானே நிற்கும்படி விடுங்கள். முதல் இருபது மணி நேர ஓட்டத்தில் ஆயில் மாற்ற வேண்டும். பிறகு நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கஜா போல இருபது நாள் இருட்டு என்றால், நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினாலே அந்த நூறு முடிந்துவிடும். ஒரு லிட்டர் ஆயிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கும் மிஷினோடு எப்போதும் இருக்கட்டும். மாதந்தோறும் ஓட்ட முடியாதவர்கள் பங்குனி வந்ததும் டேங்கைக் காலி செய்து, மூடி வைத்துவிடலாம்.